மெஷின் பெயர் போதாது: ஹைட்ராலிக் சிலிண்டரை அடையாளம் காண்பது எப்படி

போன மாதம் சிங்கப்பூரின் துவாஸ் பகுதியில் ஒரு சைட்டிலிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான். எண்ணெய் வழிந்து, அதன் மேல் மண் அப்பிக் கருத்துப்போன ஒரு சிலிண்டர். அளவு தெரியட்டும் என்று பக்கத்தில் தன் சேஃப்டி பூட்ஸை வைத்து எடுத்திருந்தான். கீழே ஒரே வரி: "அண்ணே, 20 டன் மெஷின், பக்கெட் சிலிண்டர், சீல் கிட் வேணும்."

சீல் கிட் என்பது எண்ணெய் கசியாமல் அடைக்கும் வளையங்களின் தொகுப்பு. தையல்காரரிடம் போய், "ஒருத்தருக்குச் சட்டை தைக்கணும், ஆள் நல்ல வாட்டசாட்டமா இருப்பார்" என்று சொல்வது மாதிரிதான் இது. தைத்துவிடலாம். அவருக்குப் பொருந்துமா என்பது வேறு விஷயம்.

பட்டறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: மெஷின் பெயரைச் சொல்லாதே, சிலிண்டரைச் சொல். ஒரே மாடல் மெஷினில்கூட, சீரியல் நம்பர் ஒரு எண்ணைத் தாண்டியதும் கம்பெனிக்காரன் சிலிண்டரை மாற்றியிருப்பான். சிங்கப்பூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே ஓடும் எக்ஸ்கவேட்டர்களில், அதாவது மண் தோண்டும் மெஷின்களில், ஜப்பானிலிருந்து செகண்ட் ஹேண்டாக வந்தவை நிறைய. இரண்டு மூன்று முதலாளிகள் கை மாறியிருக்கும். இடையில் யாரோ ஒருவர், அவசரத்துக்கு யார்டில் கிடந்த வேறு மெஷினின் சிலிண்டரைக் கழற்றிப் போட்டு ஓட்டியிருப்பார். பெயின்ட் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

முதலில் சிலிண்டர் என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். ஊசி போடும் சிரிஞ்சைத் திருப்பி யோசியுங்கள். சிரிஞ்சில் நாம் தண்டை அழுத்துகிறோம், மருந்து வெளியே போகிறது. இங்கே எண்ணெயை உள்ளே அழுத்துகிறோம், தண்டு வெளியே வருகிறது. வெளியே தெரியும் தடித்த குழாய் டியூப். சிலர் பேரல் என்பார்கள். பளபளவென்று உள்ளே போய் வருவது ராட். ராடின் உள்முனையில் மாட்டியிருப்பது பிஸ்டன். ராட் வெளியே வரும் வாயை மூடியிருப்பது கிளாண்ட். ராடைத் துடைத்து எண்ணெயை உள்ளேயே நிறுத்தும் சீல்கள் எல்லாம் அதற்குள் உட்கார்ந்திருக்கும். இரண்டு முனையிலும், மெஷினோடு இணைக்கும் இரும்புத் தண்டான பின்னைப் போட, துளையுள்ள ஒரு காது. அவ்வளவுதான்.

எக்ஸ்கவேட்டரில் அது எங்கெங்கே இருக்கிறது? பெரிய கையைத் தூக்குவது பூம் சிலிண்டர். பொதுவாக இடம் ஒன்று, வலம் ஒன்று என ஜோடி. முழங்கையை மடக்குவது ஆர்ம் சிலிண்டர், அது பூமின் முதுகில் படுத்திருக்கும். மணிக்கட்டு மாதிரி வாளியைத் திருப்புவது பக்கெட் சிலிண்டர். சின்ன மெஷின்களில் முன்னால் பிளேடுக்கு ஒன்று, பூமை இட வலமாக மடக்க ஒன்று என்று கூடுதலாகவும் இருக்கும். பெயரைச் சொல்லும்போது கொஞ்சம் கவனம் தேவை. நம் ஊரில் எக்ஸ்கவேட்டரையே ஹிட்டாச்சி என்போம், பின்னால் தோண்டும் கையும் முன்னால் அள்ளும் வாளியும் உள்ளதை ஜேசிபி என்போம். வேறு கம்பெனி வண்டியாக இருந்தாலும் அதே பெயர்தான். இங்கே கடையில் போய் "ஹிட்டாச்சி சிலிண்டர்" என்று கேட்டால் நிஜமாகவே ஹிட்டாச்சி சிலிண்டரைத்தான் எடுத்து வைப்பார்கள்.

அடுத்து, சிலிண்டருக்கு எண்ணெய் கொண்டுவரும் குழாயான ஓஸ் எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டு ஓஸ் வந்தால் அது டபுள் ஆக்டிங். எண்ணெய் தள்ளவும் செய்யும், இழுக்கவும் செய்யும். எக்ஸ்கவேட்டரில் உள்ளவை எல்லாம் இந்த ரகம். ஒரே ஓஸ் என்றால் பெரும்பாலும் சிங்கிள் ஆக்டிங். எண்ணெய் தூக்கும், இறக்குவது பாரத்தின் வேலை. ஃபோர்க்லிஃப்டின் மாஸ்டைத் தூக்கும் சிலிண்டரும், டிப்பர் லாரியில் குழாய்க்குள் குழாயாக நீளும் டெலஸ்கோப்பிக் சிலிண்டரும் இப்படித்தான். டெலஸ்கோப்பிக் என்றால் எத்தனை ஸ்டேஜ் என்பதையும், ஒவ்வொரு ஸ்டேஜின் விட்டத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

டேப்பும் வெர்னியரும்

ஒரு சிலிண்டருக்கு முகவரி மூன்று எண்கள்: போர், ராட், ஸ்ட்ரோக். போர் என்பது டியூபின் உள்விட்டம். ராட் என்பது ராடின் விட்டம். ஸ்ட்ரோக் என்பது ராட் முழுதாக உள்ளே இருப்பதிலிருந்து முழுதாக வெளியே வரும் வரை நகரும் தூரம். இவற்றோடு மூடிய நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; ராட் முழுக்க உள்ளே இருக்கும்போது பின் மையத்திலிருந்து பின் மையம் வரை உள்ள தூரம் அது.

ராட் சுலபம். ஆனால் டேப் வைத்து அளக்காதீர்கள், கவ்விப் பிடித்து நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் வேண்டும். காரணம் இருக்கிறது. ஜப்பான், ஐரோப்பா மெஷின்கள் மி.மீ. கணக்கு, அமெரிக்க வடிவமைப்பு என்றால் அங்குலமாகவும் இருக்கலாம். 50 மி.மீ. ராடும் 2 அங்குல ராடும் கண்ணுக்கு ஒன்றுதான். வெர்னியரில் 2 அங்குலம் 50.8 காட்டும். அந்த 0.8 மி.மீ. சீலுக்கு மலை அளவு. 50-க்கான சீலை 50.8 ராடில் ஏற்றினால் பிதுங்கிக் கிழியும். மாற்றிப் போட்டால் முதல் நாளே ஒழுகும். ராடில் மண் படாத, தேயாத இடமாகப் பார்த்து, இரண்டு மூன்று திசையில் அளந்து பாருங்கள்.

போர்தான் எல்லோரையும் கவிழ்க்கும். என்னையும் கவிழ்த்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், டியூபை வெளியே அளந்தேன், 140 வந்தது. "போர் 140" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சீல் கிட் வந்தது, பிஸ்டனைக் கழற்றினோம், சீல் வளையம் பிஸ்டனில் கைவளையல் மாதிரி ஆடியது. உண்மையான போர் 120. டியூபின் சுவர் ஒரு பக்கம் 10, மறு பக்கம் 10. மெஷின் இரண்டு நாள் நின்றது. தவ்கே, அதான் முதலாளி, என்னை ஒன்றும் திட்டவில்லை. சீல் கிட் பாக்கெட்டை மட்டும் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

ஆகவே போரை வெளியிலிருந்து அளக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். சுவரின் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் பார்த்துக் கழிக்கலாம். அந்தக் கருவி எல்லாப் பட்டறையிலும் இருக்காது. நம்பகமான வழி, கிளாண்டைத் திறந்து உள்ளே அளப்பது, அல்லது பழைய பிஸ்டன் சீலைப் பார்ப்பது. நல்ல சீல்களில் எண் அச்சடித்திருக்கும். என்ஓகே கம்பெனி சீல் ஒன்றில் ஐடிஐ என்று போட்டு 85, 100 என்று எண்கள் இருந்தால், அது உள்விட்டம் 85, வெளிவிட்டம் 100 கொண்ட ராட் சீல் என்று அர்த்தம். அதாவது ராட் 85. பழைய சீலை எடுத்ததும் குப்பையில் வீசுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். துடைத்து, படம் எடுத்து, புது வேலை ஒழுகாமல் ஓடும் வரை ஒரு பையில் போட்டு வையுங்கள்.

இன்னொரு துப்பு: தொழிற்சாலை இயந்திரங்களுக்கு வரும் பொது சிலிண்டர்களில் போர் பெரும்பாலும் 40, 50, 63, 80, 100, 125, 160 என்று சர்வதேச ஸ்டாண்டர்ட் வரிசையில் இருக்கும். எக்ஸ்கவேட்டர் கம்பெனிகள் அந்த வரிசையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. 115, 120, 135 எல்லாம் அங்கே சகஜம். அதனால் அளந்தது 119.8 என்று வந்தால் 125-ஆக இருக்குமோ என்று இழுக்காதீர்கள்.

5 மி.மீ.யில் என்ன ஆகிவிடப் போகிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 120 மி.மீ. போரின் பரப்பு சுமார் 113 சதுர செ.மீ. எக்ஸ்கவேட்டரின் அழுத்தம் ஏறக்குறைய 350 பார் என்று வைத்தால், அது தள்ளும் பலம் சுமார் 40 டன். ஒரே சிலிண்டர், 40 டன்! அதில் 85 மி.மீ. ராட் இருந்தால், உள்ளே இழுக்கும்போது ராட் பிடித்துக்கொண்ட பரப்பு போக மிச்சம்தான் வேலை செய்யும். பலம் 20 டன்னாகப் பாதியாகிவிடும், அதே எண்ணெய் ஓட்டத்துக்கு வேகம் இரண்டு மடங்காகும். 120-க்குப் பதில் 115 போர் போட்டால் தள்ளும் பலத்தில் 8 சதவீதம் போய்விடும். தனியாக வேலை செய்யும் சிலிண்டர் என்றால் ஓட்டுநர் "இழுவை கம்மியா இருக்கே" என்று முனகுவதோடு முடியும். பூம் மாதிரி ஜோடியில் ஒன்று 120, மற்றது 115 என்றால் இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளாது. பூம் முறுக்கிக்கொண்டே வேலை செய்யும், பின்னும் அது உட்காரும் குழலான புஷ்ஷும் ஒரு பக்கமாகத் தேயும்.

நீளத்துக்கு டேப் போதும். ஆனால் பின்னின் மையம் எது என்று கண்ணால் குத்துமதிப்பாகப் பார்க்காதீர்கள். இரண்டு பின்னும் ஒரே அளவு என்றால், ஒரு பின்னின் இடது ஓரத்திலிருந்து அடுத்த பின்னின் இடது ஓரம் வரை அளந்தால் அதுவே மையத்துக்கு மையம். வேறு வேறு அளவு என்றால், வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் அளந்து, இரண்டு விட்டங்களின் கூட்டலில் பாதியைக் கழியுங்கள். மூடி ஒரு தடவை, விரித்து ஒரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஸ்ட்ரோக். ஸ்ட்ரோக் கூடிப்போனால் வாளி போகக்கூடாத தூரம் போய் லிங்க்கில் முட்டும். குறைந்தால் வாளி முழுதாக மடங்காது.

காதுகளில் மூன்றைப் பாருங்கள்: பின்னின் விட்டம், காதின் அகலம், உள்ளே சாதாரண புஷ்ஷா, சுழலும் உருண்டை பேரிங்கா. புஷ் தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கும், அதை அளந்தால் பின் பெரிதாகத் தெரியும். பின்னைக் கழற்றி, புஷ்ஷுக்குள் போகாத முனையை அளப்பது நல்லது. சில சிலிண்டர்களில் அடிப்பக்கக் காதுக்குப் பதில், டியூபின் நடுவில் இரண்டு பக்கமும் முளை இருக்கும். அப்படியானால் அந்த முளை எங்கே இருக்கிறது என்ற தூரமும் வேண்டும்.

பெயின்டுக்குக் கீழே

அளவெல்லாம் எடுக்கும் முன் ஐந்து நிமிடம் செலவழித்து நம்பரைத் தேடுங்கள் என்றும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் டியூபின் அடிமுனைப் பக்கத்திலோ கிளாண்டின் முகத்திலோ குத்தியிருக்கும். சில மெஷினில் சின்னத் தகடு. பல தடவை பெயின்ட் அடித்திருப்பார்கள். தின்னர் தொட்ட துணியால் தேய்த்து, மென்மையான பிரஷ் போட்டால் எழுத்து எழும்பும். கிரைண்டரை எடுக்காதீர்கள், எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். எழுத்து மங்கலாக இருந்தால் மேலே சாக்பீஸைத் தடவி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள், பள்ளம் தெரியும். கொமாட்சு சிலிண்டர்களின் நம்பர் பெரும்பாலும் 707 என்று தொடங்கும். கேஒய்பி என்ற எழுத்து தெரிந்தால் குழம்ப வேண்டாம். அது சிலிண்டர் செய்த ஜப்பான் கம்பெனி, பல பிராண்டு எக்ஸ்கவேட்டர்களுக்கும் செய்து கொடுக்கிறது.

நம்பர் கிடைத்துவிட்டால் அளக்க வேண்டாமா? வேண்டும். டியூபில் உள்ள நம்பர் டியூபுக்குத்தான் சாட்சி. ராடை யாராவது மாற்றியிருந்தால் அதற்கு அது சாட்சி சொல்லாது.

கிளாண்ட் எப்படி மூடியிருக்கிறது என்பதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றி ஆலன் போல்ட் வரிசை இருந்தால் போல்ட் ரகம். நடுத்தர, பெரிய எக்ஸ்கவேட்டர்களில் இதுதான் அதிகம். போல்ட்டே இல்லாமல் ஸ்பேனர் பிடிக்கப் பள்ளமோ துளையோ மட்டும் இருந்தால் மரை போட்ட ரகம். கிட்டும் மாறும், கழற்றும் கருவியும் மாறும்.

ஓஸ் மாட்டும் இடத்தில் மரை ஒரு பெரிய பொறி. பிஎஸ்பி, என்பிடி என்று இரண்டு மரை ரகங்கள் உண்டு. அரை அங்குல பிஎஸ்பிக்கும் அரை அங்குல என்பிடிக்கும் ஒரு அங்குலத்தில் 14 மரைதான். அதனால் ஒன்றை மற்றதில் பிடித்துச் சுற்றினால் கொஞ்ச தூரம் சமர்த்தாக ஏறும். மரையின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. போதாததற்கு என்பிடி கூம்பாகப் போகும். நடுவில் இறுகும், இறுகியதும் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று நினைப்போம், அழுத்தம் வந்ததும் பீறிடும். பெரிய சிலிண்டர்களில் மரைக்குப் பதில் நான்கு போல்ட் ஃப்ளாஞ்ச் இருக்கும். அதிலும் 3000 பிஎஸ்ஐ, 6000 பிஎஸ்ஐ என்று இரண்டு வகை உண்டு, போல்ட் இடைவெளி வேறு வேறு. அந்த இடைவெளியையும் அளந்து எழுதிவிடுங்கள். பூம் ஜோடி என்றால் இடமா வலமா என்பதும் அவசியம். இரண்டும் ஒரே அளவாக இருந்தாலும், ஓஸ் மாட்டும் வாய்களான போர்ட்டுகள் கண்ணாடியில் பார்ப்பது போல எதிரெதிராக இருக்கலாம்.

குற்றவாளி சிலிண்டர்தானா?

கிளாண்ட் பக்கம் ராடை ஒட்டி எண்ணெய் வழிந்தால் பெரும்பாலும் ராட் சீல்தான். ஆனால் வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் பூம் தானாக இறங்கினால், "பிஸ்டன் சீல் போச்சு" என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பாதிதான் சரி. பூம் இறங்க வேண்டுமென்றால் ராட் உள்ளே போக வேண்டும். ராட் உள்ளே போனால் அது பிடிக்கும் இடத்து எண்ணெய் வெளியேற வேண்டும். இரண்டு போர்ட்டும் நன்றாக மூடியிருந்தால் அது எங்கே போகும்? பிஸ்டன் சீலே இல்லாவிட்டாலும் ராடு பெரிதாக நகராது. உள்ளே அழுத்தம் மட்டும் எகிறும். மேலே சொன்ன 120-85 சிலிண்டரில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அந்த அழுத்தம் தாங்காமல், எண்ணெய் வழியைத் திறந்து மூடும் கண்ட்ரோல் வால்வு விட்டுக்கொடுத்தால்தான் பூம் இறங்குகிறது. ஆக, வால்வும் ஒரு குற்றவாளியாக இருக்கலாம்.

பக்கெட் சிலிண்டரில் சோதிப்பது சுலபம். சிலிண்டரை முழுக்க நீட்டி, வாளியைத் தரையில் பத்திரமாக உட்கார வைத்து, எஞ்சினை அணைத்து, லீவர்களை எல்லாப் பக்கமும் ஆட்டி அழுத்தத்தை இறக்கி, டேங்க் மூடியின் காற்றையும் விட்டு, ராட் பக்கத்து ஓஸை மட்டும் கழற்றுங்கள். ஓஸின் வாயை பிளக் போட்டு மூடுங்கள். சிலிண்டரின் போர்ட்டை மூடக்கூடாது, திறந்தே இருக்கட்டும். மூடினால் சற்றுமுன் சொன்ன இரட்டிப்பு அழுத்தம் உள்ளே அடைபடும். கீழே ஒரு தட்டு வைத்து, ஆட்களை விலக்கி, எஞ்சினைப் போட்டு, சிலிண்டரை நீட்டும் பக்கமே லீவரைப் பிடியுங்கள். திறந்த போர்ட்டிலிருந்து எண்ணெய் தொடர்ந்து ஓடினால் பிஸ்டன் சீல் அவுட். முதல் தடவை அனுபவமுள்ளவர் பக்கத்தில் இல்லாமல் செய்யாதீர்கள்.

கசிவைக் கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். ஊசிமுனை ஓட்டையில் வரும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். வெளியே கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட அதிகமிருக்காது. பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலை பார்த்தால் விரலோ கையோ போய்விடும். நேராக மருத்துவமனைக்குப் போய், அழுத்த எண்ணெய் உள்ளே ஏறிவிட்டது என்று சொல்ல வேண்டும். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும்.

திறந்த பிறகுதான் ரிப்பேரா, புதிதா என்று தெரியும். ராடின் மேல் குரோம் பூச்சு 20 முதல் 50 மைக்ரான் வரை இருக்கும், தலைமுடியின் தடிமன்கூடக் கிடையாது. நகத்தை ராடின் நீளவாக்கில் ஓட்டுங்கள். நகம் எங்காவது தட்டினால் அந்தப் பள்ளம் புது சீலையும் அறுக்கும். மறுபடி குரோம் போட வேண்டும், அல்லது புது ராட். இங்கே உப்புக் காற்றும் ஈரமும் சும்மா விடாது. கடலோர சைட்டில் ராடை வெளியே நீட்டியபடி இரண்டு மாதம் நிறுத்தி வைத்த மெஷினில் அம்மைத் தழும்பு மாதிரி துரு குத்தியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். நிறுத்தும்போது முடிந்தவரை ராடை உள்ளே இழுத்துவிடுங்கள். உள்ளே போகாத பகுதிக்கு கிரீஸ் தடவுங்கள். டியூபின் உள்ளே நீளக் கோடு விழுந்திருந்தால் ஹோனிங் செய்யலாம், அதாவது உள்பக்கத்தைக் கல்லால் தேய்த்து வழவழப்பாக்கலாம். ஆழமான கோடு என்றால் எடுக்க எடுக்கப் போர் பெரிதாகிக்கொண்டே போகும், சாதாரண சீல் பிடிக்காது. வெல்டில் விரிசல், டியூப் உப்பியது என்றால் பேசவே வேண்டாம், மாற்றுங்கள்.

பூம் லிஃப்ட் மாதிரி ஆட்களை ஏற்றும் இயந்திரங்களை 6 மாதத்துக்கு ஒரு முறையும், கிரேன் மாதிரி சரக்கு மட்டும் தூக்குபவற்றை 12 மாதத்துக்கு ஒரு முறையும் மனிதவள அமைச்சின் அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர் சோதிக்க வேண்டும் என்பது இங்கே விதி. அப்படிப்பட்ட இயந்திரத்தில் சிலிண்டரைத் தொடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, அந்தத் தம்பிக்கு வருவோம். மாடல் பெயரைக் கேட்டு, புத்தகத்தில் பார்த்து, 80 மி.மீ. ராடுக்கான கிட்டை எடுத்து மேசைமேல் வைத்திருந்தேன். ஆனாலும் "வெர்னியர் போட்டுப் பார்த்துச் சொல்லு" என்று ஒரு குரல் செய்தி அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது. இந்தத் தடவை படத்தில் பூட்ஸ் இல்லை. ராட் துடைத்துப் பளபளவென்று இருந்தது, வெர்னியர் அதைக் கவ்விக்கொண்டிருந்தது.

"அண்ணே, ராட் 84.95. மூணு இடத்துல பார்த்தேன், அதேதான்."

80 கிட்டை எடுத்து அலமாரியிலேயே வைத்துவிட்டு, கிளாண்டைத் திறந்து போரையும் அளக்கச் சொன்னேன்.